அண்ணன் வீட்டுத் தண்ணீர்

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் மெய்யம்மையைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். காவிகூடக் கிடையாது, வெளுத்துப்போன நூல் சேலைதான். வயது நாற்பத்தைந்துக்கு மேல் சொல்ல முடியாது. மலையடிவாரத்தில் ஓடு போட்ட இரண்டு அறை, ஒரு கிணறு, ஒரு முருங்கை மரம். மடம் அவ்வளவுதான். கேள்வியோடு வருகிறவர்களை உட்காரவைத்து முருங்கைக்கீரை ஆயச் சொல்வார். பாதிப் பேருக்குக் கீரை முடிவதற்குள் கேள்வி மறந்துபோகும். மறக்காதவர்கள் சீடர்கள் ஆனார்கள்.

அந்தச் சீடர்களில் ஒருவர் குற்றாலிங்கம். குருவைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமி கும்பிட மாட்டார். யாராவது விபூதி நீட்டினால் மரியாதைக்கு வாங்கி, முருங்கை மரத்தடியில் தூவிவிடுவார். “சாம்பல்தான, மரத்துக்கு நல்லது” என்பார். மெய்யம்மைக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ‘புரொபசரய்யா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஓர் உயிர் இன்னோர் உயிருக்காக ஏன் விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் குற்றாலிங்கத்தின் வாழ்நாள் ஆராய்ச்சி. எறும்பில் தொடங்கி, காக்கையைத் தொட்டு, மனிதனிடம் வந்து நின்றிருந்தார். உடன்பிறந்தவன் உடம்பில் பாதி நாமேதான், அவனுக்குக் கொடுப்பது நமக்கே கொடுத்துக்கொள்வது என்பது அவர் கட்சி. பத்திரிகையில் படத்தோடு கட்டுரைகூட எழுதியிருந்தார்.

“தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு நம்ம ஆளுங்க எப்பவோ சொல்லிட்டாங்க. நாங்க அதுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினோம், அவ்வளவுதான்” என்பார் சனிக்கிழமைகளில்.

“இருக்கலாம்” என்பார் மெய்யம்மை.

மறுத்துப் பேசினால் சண்டை போடலாம். இந்த ‘இருக்கலா’மை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குற்றாலிங்கத்துக்கு அதுதான் எரிச்சல். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார்.

அவர் ஒருமுறை செவ்வாய்க்கிழமை வந்தார். சவரம் செய்யாத முகம். வந்ததும் கீரைக் கட்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கொத்தைக்கூட உருவாமல் உட்கார்ந்திருந்தார்.

மெய்யம்மை காத்திருந்தார்.

“எங்க அண்ணனுக்குக் கிட்னி ரெண்டும் போயிட்டும்மா” என்றார் குற்றாலிங்கம்.

அவருக்கு அண்ணன் ஒருவர் இருப்பதே மெய்யம்மைக்கு அன்றைக்குத்தான் தெரியும். எத்தனையோ சனிக்கிழமைகள் எறும்பைப் பற்றிப் பேசியிருக்கிறார், அண்ணனைப் பற்றிப் பேசியதில்லை.

“பேரு என்ன?”

“ஆவுடையப்பன். ரத்தத்தை மிஷின்ல விட்டுச் சுத்தம் பண்ணுதாங்க. இப்ப அதையும் உடம்பு தாங்க மாட்டேங்கு. வேற கிட்னி வச்சாத்தான் பிழைப்பான். இல்லைன்னா இந்த மழைக்காலம் தாண்டுறதே கஷ்டம்னு டாக்டர் சொல்லுதார்.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“கேள்விப்பட்ட அன்னைக்கே நானாப் போய் டெஸ்ட் எடுத்தேன். எல்லாம் பொருந்துது. அண்ணன் தம்பிகள்லயே இப்படி அமையறது கொஞ்சம்னு டாக்டருக்கே சந்தோஷம். என் வீட்டுக்காரியும் சம்மதிச்சுட்டா. நான் தாரேன்னு கையெழுத்துப் போடத் தயாரா நிக்கேன்.”

“அப்புறம் என்ன?”

“அவன் வேண்டாங்கான்.”

முருங்கை மரத்தில் அணில் ஒன்று கத்திக்கொண்டே இருந்தது. குற்றாலிங்கம் அதைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“மனசுல ஏதாவது கோளாறான்னு ஒரு மருத்துவரை விட்டுக் கேள்வி கேட்டுப் பார்த்தாங்க. எல்லாத்துக்கும் நிதானமாப் பதில் சொல்லியிருக்கான். புத்தி தெளிவா இருக்கு, நாங்க கட்டாயப்படுத்த முடியாதுன்னுட்டாங்க. தெளிவா இருக்கிறவன் சாவேன்னு ஏம்மா பிடிவாதம் பிடிக்கான்? பிழைச்சுக்கிடணும்னுதான எந்த உயிரும் நினைக்கும்? எந்தக் கணக்குலயும் இது வரலையே.”

“ஏன் வேண்டாம்னார்?”

“தெரியல.”

“கேட்டீங்களா?”

“டாக்டர் கேட்டார். பதில் சொல்லலையாம்.”

“நீங்க கேட்டீங்களா?”

குற்றாலிங்கம் ஒரு கொத்தை எடுத்து உருவினார். இலையோடு காம்பும் சேர்ந்து வந்தது.

“நாங்க பேசுததில்ல. பதினாலு வருஷம் ஆச்சு.”

பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே கதையைச் சொன்னார். அவர்கள் பக்கத்தில் தகப்பனுக்குத் தலைமகன் கொள்ளி வைப்பான், தாய்க்குக் கடைசி மகன். அம்மா போனபோது குற்றாலிங்கம் ஏதோ ஒரு நாட்டில் எறும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் வரும்வரை வையுங்கள் என்று போனில் கதறிவிட்டு விமானம் ஏறினார். வழியில் விமானம் தாமதம். வந்து இறங்கியபோது வீட்டு முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். அண்ணனே கொள்ளி வைத்து முடித்திருந்தார். ஐஸ் பெட்டி கெட்டுவிட்டது, உடம்பு தாங்கவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மதினி வாசலில் வந்து ஒரு செம்புத் தண்ணீரை நீட்டினாள். அவர் அதை வாங்கி அண்ணன் கண்ணெதிரே தரையில் கொட்டினார். இந்த வீட்டுத் தண்ணி இனி என் தொண்டையில் இறங்காது என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு திரும்பி நடந்தவர், இன்றுவரை அந்தப் படி ஏறவில்லை.

மெய்யம்மை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, ஒரு குழந்தையிடம் கேட்பதுபோலக் கேட்டார்.

“புரொபசரய்யா, அன்னைக்கு என்ன எரிஞ்சுது?”

பழக்கதோஷம். வகுப்பில் கேட்டதுபோல வாய் முந்திக்கொண்டது. “கார்பன், கால்சியம். மிச்சமெல்லாம் தண்ணி.”

“அதுக்கு யாரு தீ வச்சா என்ன?”

குற்றாலிங்கத்தின் கை நின்றது.

“அது வேறம்மா.”

“என்ன வேற?”

“அது…” தேடிப் பார்த்தார். எத்தனையோ சொற்கள் தெரிந்த மனிதர். “அவ என் அம்மா.”

மெய்யம்மை தலையை ஆட்டினார். இந்தமுறை ‘இருக்கலாம்’ என்று சொல்லவில்லை.

எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு பித்தளைச் செம்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“எனக்குத் தாகமா இருக்கு. உங்க அண்ணன் வீட்டுலேர்ந்து ஒரு செம்புத் தண்ணி கொண்டு வாங்க.”

“கிணறு இங்கன இருக்கே.”

“இது வேண்டாம். அந்தத் தண்ணிதான் வேணும்.”

“அம்மா, விளையாடாதீங்க. அவன் வீட்டுலயும் இங்கேயும் ஒரே ஆத்து ஊத்துதான். எடுத்து டெஸ்ட் பண்ணினா ஒரே உப்பு. ஒரு வித்தியாசமும் இருக்காது.”

“வித்தியாசம் இல்லைதான? அப்ப எடுத்துட்டு வாரதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

சொந்தச் சொல்லில் மாட்டிக்கொண்ட பேராசிரியர் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

பஸ்ஸில் கூட்டமில்லை. பேன்ட் சட்டை போட்ட பெரிய மனிதர் மடியில் காலிச் செம்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த கண்டக்டர், “தீர்த்தம் எடுக்கவா சார்?” என்று கேட்டார். குற்றாலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரு கேட்டார், போகிறேன். தண்ணீரை வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டியது. குடிக்கவா போகிறேன்? இப்படித் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தவர், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்.

கதவு திறந்துதான் இருந்தது. படியில் கால் வைத்ததும் மதினி பார்த்துவிட்டாள். தலை முழுக்க நரைத்திருந்தது. “வாங்க” என்றாள்.

ஆவுடையப்பன் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். ஆற்றில் அக்கரை தொட்டுத் திரும்பிவந்து, மூச்சு வாங்காமல் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிற அண்ணன்தான் குற்றாலிங்கத்தின் மனதில் இருந்தான். நாற்காலியில் இருந்தவருக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஊசி குத்திக் குத்தி இடது கை புடைத்திருந்தது. உதடு வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு தண்ணீர் பாட்டில், அதன் நடுவில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது.

ஆவுடையப்பன் முதலில் செம்பைப் பார்த்தார், அப்புறம் தம்பியை.

“என்னலே குத்தாலம்?”

அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் மிச்சமில்லை.

“தண்ணி வேணும்” என்றார் குற்றாலிங்கம். “எங்க அம்மை கேட்டாவ. மடத்துல. இந்த வீட்டுத் தண்ணிதான் வேணுமாம்.”

“அவியளுக்கா?”

“ஆமா.”

“உனக்கு இல்ல?”

குற்றாலிங்கம் கேட்க வந்ததைக் கேட்டார். “நீ ஏன் வேண்டாங்கே?”

“எதை?”

“எதைன்னு உனக்குத் தெரியும். எல்லாம் பொருந்துதுன்னு டாக்டர் சொன்னாருல்லா?”

“சொன்னாரு. ரத்தம் பொருந்துது, சதை பொருந்துதுன்னு பேப்பரைக் காட்டினாரு.” ஆவுடையப்பன் பேசிப் பேசி நிறுத்தி மூச்சு வாங்கினார். “நீ பத்திரிகையில எழுதுனதையும் படிச்சேன். கூடப்பொறந்தவனுக்குக் கொடுக்கிறது தனக்கே கொடுத்துக்கிடறதுன்னு எழுதியிருந்தே. படத்துல நல்லா இருந்தே.”

“அதுக்கு என்ன?”

“உனக்கு நீயே கொடுத்துக்கிட என் வயித்தை எதுக்குலே இடமாக் கேக்கே?”

மதினி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா, சிரிப்பை அடக்கினாளா, சொல்ல முடியாது.

“என் கையால ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேன்னவன் நீ” என்றார் ஆவுடையப்பன். கோபமாகச் சொல்லவில்லை. “நான் மட்டும் உன் உடம்பை அறுத்து வாங்கி உள்ள வச்சுக்கிடணுமாக்கும். யார்கிட்ட வேணும்னாலும் வாங்கிருவேன். என்கிட்ட வாங்காதவன்கிட்ட எப்படிலே வாங்குவேன்? வாங்கிட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இருப்பேன்?”

குற்றாலிங்கத்துக்கு இப்போது புரிந்தது. டாக்டரிடம் இதைச் சொல்ல முடியாதுதான். எந்தப் பேப்பரில் எழுதுவார் அவர்?

“நீ எனக்காகக் காத்திருக்கலாம்லா அண்ணே” என்றார். பதினான்கு வருடம் தொண்டையில் நின்ற சொல், சின்னப் பையன் குரலில் வெளியே வந்தது. “அவளுக்குக் கடைசியா என் கையால செய்ய இருந்தது அது ஒண்ணுதானே.”

“காத்திருந்தேன். பெட்டி கெட்டுப்போனப்புறமும் காத்திருந்தேன். ஐஸ் கட்டியா வாங்கி வாங்கிப் போட்டேன். அவ முகம் மாற ஆரம்பிச்சுட்டு. அந்த முகத்தை நீ பாக்க வேண்டாம்னு தோணிச்சு.” ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் பார்த்தார். “நான் வைக்கலலே. நீதான் வச்சே.”

“என்ன சொல்லுதே?”

“நீ ஊருக்கு வரும்போது உடுத்துற பச்சைக்கரை வேட்டி இங்க கிடந்துச்சுல்லா. அதைத்தான் நான் கட்டிக்கிட்டேன். உன் பேரைச் சொல்லி, ‘அம்மா, குத்தாலம் வைக்கேன்’னு சொல்லித்தான் வச்சேன். உங்க மதினிகிட்டக் கேளு. ஊரே நின்னு கேட்டுது. நீ ஒருத்தன்தான் கேக்கல. செம்பைக் கவுத்துட்டுப் போயிட்டே.”

குற்றாலிங்கம் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. அறுபது வயதில் அழுதால் முகம் நன்றாக இருக்காது, இருந்துவிட்டுப் போகட்டும்.

மதினிதான் முதலில் அசைந்தாள். செம்பை எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

“தண்ணி அவிய அம்மைக்கா, இவனுக்கான்னு கேட்டுட்டுப் போ” என்றார் ஆவுடையப்பன்.

“எனக்குத்தான்” என்றார் குற்றாலிங்கம்.

“அப்ப நீ போகாத, நில்லு” என்றார் ஆவுடையப்பன் மனைவியிடம்.

ஆவுடையப்பன் ஸ்டூலில் இருந்த பாட்டிலை எடுத்தார். ஒரு நாளைக்கு அவர் குடிக்கலாம் என்று டாக்டர் விட்டிருந்தது அந்தச் சிவப்பு நூல் அளவுக்குத்தான். அதற்குமேல் ஒரு மிடறு குடித்தாலும் மூச்சு முட்டும். காலையிலிருந்து தொட்டுத் தொட்டு உதட்டை நனைத்துச் சேர்த்துவைத்ததில் கால் பாட்டில் மிச்சமிருந்தது. ஒரு டம்ளரில் சரிபாதியை ஊற்றினார்.

“அது உனக்கு உள்ள அளவுல்லா” என்றார் குற்றாலிங்கம். அந்த நோயில் நாக்கு எப்படி வறளும் என்று அவருக்குத் தெரியும். படித்திருக்கிறார்.

“அளவு எனக்குத்தான. அதுல பாதி உனக்கு.”

பாதி என்ற சொல்லைக் குற்றாலிங்கம் தன் கணக்குகளில் ஆயிரம் தடவை எழுதியிருப்பார். அது ஒரு டம்ளரின் அடியில் இவ்வளவு கொஞ்சமாகக் கிடந்து பார்த்ததில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

அண்ணன் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் இறங்கி முடித்ததும்தான் கண்ணை எடுத்தார்.

“டாக்டர் எப்ப வரச் சொன்னாருலே?”

“நாளைக்கே வரலாம்.”

“நாளைக்கு வேண்டாம். நாளைக்கு இங்கன சாப்பிட வா. மறுநாள் போவோம்.”

மதினி அடுக்களை வாசலில் நின்று, “கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கட்டுமா?” என்று கேட்டாள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்கு என்ன பிடிக்கும் என்பதை அவள் மறந்திருக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் குற்றாலிங்கம் மடத்துக்குத் திரும்பிவந்தார். மெய்யம்மை கிணற்றடியில் கீரையை அலசிக்கொண்டிருந்தார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

கேட்காமலே குற்றாலிங்கம் சொன்னார். வேட்டியைச் சொன்னார், டம்ளரைச் சொன்னார், நாளைக்குப் புளிக்குழம்பு என்பதையும் சொன்னார்.

“ஒரு சந்தேகம் அம்மா” என்றார் கடைசியில். “அண்ணன் தம்பி பாதிப்பாதிங்கிற கணக்கு தப்பில்ல. அது சரியான கணக்குதான். ஆனா அவன் பாட்டில்ல இருந்து ஊத்தும்போது அந்தக் கணக்கு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல.”

“எங்கயும் போகல, அங்கேயேதான் இருக்கும்” என்றார் மெய்யம்மை. “என் தண்ணி எங்க?”

குற்றாலிங்கம் கையில் இருந்த செம்பைப் பார்த்தார். அது வரும்வழியெல்லாம் லேசாக இருந்ததே அவருக்கு உறைக்கவில்லை. மதினி எடுத்த செம்பை நிரப்பாமலே திருப்பி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

“அடடா, மறந்துட்டேன் அம்மா. நான் குடிச்சுட்டு வந்துட்டேன். நாளைக்கு மறக்காமக் கொண்டுவாரேன்.”

மெய்யம்மை கையை நீட்டிச் செம்பை வாங்கினார். அண்ணாந்து, செம்பை வாய்க்கு நேராகத் தூக்கிச் சரித்தார். சொட்டுத் தண்ணீர் விழவில்லை. தொண்டை மட்டும் அசைந்தது. நிதானமாகக் குடித்து முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

செம்பு காலி என்பதை நிரூபிக்கப் பேராசிரியருக்கு ஒரு விரல் போதும். உள்ளே விட்டுத் தடவிக் காட்டலாம். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நல்ல தண்ணி” என்றார் மெய்யம்மை.